பத்திரிகைகளும் வம்பு வியாபாரமும்

(திருவானைக்காவலில் நடைபெற்ற வாசகர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம், பத்திரிகை நடத்துகின்றவர்கள் வாசகர்களைப் பிடிப்பதற்காக வலிய வம்பை உண்டாக்கிக் கொள்ளலாமா கூடாதா என்பதாகும். இக்கேள்வி எப்படி வந்தது என்பது உங்களில் அநேகருக்குத் தெரியும். வாரப் பத்திரிகைகளுக்குச் சந்தாதாரர்கள் குறைந்து வருகின்றார்கள். காகித விலையும், அச்சுக் கூலியும், தபால் செலவும் ஏறிக் கொண்டே போகின்றன. இந்நிலையில் வாலிபத் தோழர்கள் சிலர் நம்மிடம் வந்து, "அய்யா, நீங்கள் நியாயமாய்த்தான் எழுதுகின்றீர்கள்; ஆனால் படிக்கிறவன் யார்? ஊரில் பெயருள்ள மனிதர் ஒருவரைப் பிடித்து அவர் வீட்டுச் சங்கதியை நாலு வாரம் போடுங்கள். பத்திரிகை எப்படிப் பறக்கின்றது பாருங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு உங்கள் நியாயத்தைச் சாவகாசமாய்ச் சொல்லிக் கொள்ளலாமே" என்று யோசனை சொன்னார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பத்திரிகை நின்று போய்விடக் கூடாதே என்கின்ற கவலையினால்தான் சொன்னார்கள். ஆதலால் அவர்களுக்குக் கோபமாய்ப் பதில் சொல்லாமல் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டியது நம்முடைய கடமையாகும்.

முதலாவதாக, சர்ச்சை வேறு, வம்பு வேறு. ஒரு விஷயத்தைப் பற்றி இரண்டு பேர் மாறுபட்டு, ஆதாரம் காட்டி வழக்காடுவது சர்ச்சை. விஷயத்தை விட்டு விட்டு ஆளைப் பிடித்துக் கொள்வது வம்பு. "சர்ச்சை வேண்டாம், சர்ச்சை வேண்டாம்" என்று சதா உபதேசம் செய்கின்ற கனவான்கள் பெரும்பாலும் "நான் செய்கின்றதைக் கேட்காதே" என்பதைத்தான் மரியாதையாய்ச் சொல்லுகின்றார்கள் என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். எவருக்கும் மனம் நோகாமல் எழுத வேண்டுமானால் பஞ்சாங்கம்தான் போட வேண்டும். அதிலும்கூட வாக்கியமா, திருக்கணிதமா என்று சண்டை வந்துவிடுகின்றது!

சர்ச்சை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் தூர தேசம் போக வேண்டியதில்லை. இதே திருவானைக்காவலில் 1888ஆம் வருஷம் நவம்பர் 7ந் தேதி பிறந்தவர்தான் சர் சி.வி.ராமன். கடல் நீலமாய்த் தோன்றுவது வானத்தின் நிறம் அதில் பிரதிபலிப்பதால்தான் என்று இங்கிலாந்தின் ராலே பிரபு சொல்லி வைத்திருந்தார். ராலே பிரபு சாமான்யமானவரல்லர். நோபல் பரிசு பெற்றவர். 1921இல் சீமையிலிருந்து கப்பலில் திரும்பி வந்த ராமன், கையில் இருந்த ஒரு சிறு பட்டகத்தைக் கண்ணில் வைத்துப் பிரதிபலிப்பைத் தள்ளிவிட்டுக் கடலைப் பார்த்தார். அப்போதும் நீலம் போகவில்லை. எனவே காரணம் வானத்தின் சாயல் மாத்திரமல்ல, தண்ணீரிலேயே இருக்கின்றது என்று எழுதினார். பெரியவர் சொல்லிவிட்டாரே என்று அவர் அடங்கிவிடவுமில்லை. பெரியவரைத் திட்டினால் தன் பெயர் பத்திரிகையில் வரும் என்று பார்க்கவுமில்லை. கடலைப் பார்த்தார், கண்டதைச் சொன்னார். அந்த ஆராய்ச்சியின் வழியிலேயே போய் 1930இல் அவரும் நோபல் பரிசு வாங்கினார். பிற்காலத்தில் அதே ராமன் படிகங்களின் அணு அதிர்வு விஷயமாய் மாக்ஸ் பார்ன் என்னும் ஜெர்மானிய அறிஞரோடு வருஷக் கணக்காய் வழக்காடினார். அந்த வழக்கில் விஞ்ஞான உலகம் பார்ன் பக்கமே நின்றது. நின்றால்தான் என்ன? வாதம் ஆராய்ச்சியைப் பற்றியதாய் இருந்ததால் ஒருவர் தோற்றாலும் படிகத்தைப் பற்றிய அறிவு வளர்ந்தது.

நிற்க. கிண்டலும் காரமும் இல்லாமல் எழுத வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சியிலிருந்து மணவை ரெ.திருமலைசாமி அவர்கள் நடத்திய "நகர தூதன்" என்கின்ற வாரப் பத்திரிகையைப் பற்றி வயதான தோழர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். "கேசரி" என்னும் பெயரில் "பேனா நர்த்தனம்" என்று அவர் எழுதிய பகுதிக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு. அதில் குத்தலுக்குக் குறைவில்லை. ருசியாய் எழுதுவது குற்றமல்ல. எதை ருசியாக்கிக் கொடுக்கின்றோம் என்பதுதான் கேள்வி.

இதற்கு நேர் எதிரான கதையொன்றும் திருச்சியைத் தொட்டே இருக்கின்றது. எம்.கே.தியாகராஜ பாகவதரை அறியாதவர் இந்த ஜில்லாவில் இருக்க முடியாது. அவர் மாயவரத்தில் பிறந்தவரானாலும் வளர்ந்ததும், பாடக் கற்றதும், வீடு வாசலோடு வாழ்ந்ததும் திருச்சியில்தான். 1944ஆம் வருஷம் தீபாவளிக்கு வெளிவந்த அவருடைய "ஹரிதாஸ்" படம் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. புராணக் கதைகளைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். அது இன்றைய விஷயமல்ல. இப்பேர்ப்பட்ட செல்வாக்குள்ள மனிதருடைய பெயரைச் சொன்னால் காகிதம் விற்கும் என்பதை ஒருவர் கண்டுபிடித்தார். அவர்தான் சி.என்.லட்சுமிகாந்தன் என்பவர்.

லட்சுமிகாந்தன், போலிப் பத்திர விஷயமாய் முன்னமேயே ஜெயிலுக்குப் போய் வந்தவர். யுத்த காலத்தில் "சினிமா தூது" என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதில் சினிமா எப்படி எடுக்கின்றார்கள், நடிப்பு எப்படியிருக்கின்றது, கூலிக்கு வேலை செய்கின்றவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காய்க் கொடுக்கின்றார்களா என்பவற்றைப் பற்றி எழுதியிருந்தால் நாமும் வாங்கிப் படித்திருப்போம். அவர் எழுதியதோ எந்த நடிகன் எந்த வீட்டுக்குப் போனான், எந்த நடிகைக்கு யாரோடு சிநேகம் என்பதைத்தான். அது உண்மையா பொய்யா என்று யாரும் கேட்கவில்லை. பத்திரிகை சூடாய் விற்றது. எழுதுவதற்கு விலை ஒன்று, எழுதாமல் இருப்பதற்கு விலை ஒன்று என்று இரண்டு வழியிலும் பணம் பறிக்கின்றார் என்றும் பலமாய்க் குற்றஞ்சாட்டப்பட்டது. வம்பு வியாபாரத்தில் முதல் சரக்கு அச்சிட்ட காகிதம் என்றால் இரண்டாவது சரக்கு அச்சிடாத காகிதம்!

பாகவதரும், என்.எஸ்.கிருஷ்ணனும், பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்ந்து அப்போதைய கவர்னரிடத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். யுத்த காலத்தில் பத்திரிகை நடத்துவதற்கு அனுமதி வேண்டியிருந்தபடியால், அனுமதி ரத்தாகி "சினிமா தூது" நின்றது. ஆனால் ஆசாமி நிற்கவில்லை. "இந்து நேசன்" என்னும் வேறு பத்திரிகையைக் கைக்கொண்டு பழைய வேலையையே நடத்தினார். இம்முறை சினிமாக்காரர்களோடு மற்றப் பிரமுகர்களும் சேர்த்து இழுக்கப்பட்டார்கள். 1944ஆம் வருஷம் நவம்பர் 8ந் தேதி, சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க் கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

தோழர்களே! எழுதினவன் எவ்வளவு கேவலமாய் எழுதியிருந்தாலும் கத்தி அதற்குப் பதிலாகாது. "அவனுக்கு வேண்டியதுதான்" என்று அன்றைக்குச் சொன்னவர்களும் இருந்தார்கள். இன்றைக்கும் அப்படிப் பேசுகின்றவர்கள் இருக்கின்றார்கள். அப்படிச் சொல்லுகின்றவன், நாளைக்கு நியாயமாய் எழுதுகின்றவன் குத்துப்பட்டாலும் அதையே சொல்லுவான்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945ஆம் வருஷம் மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐகோர்ட்டில் அப்பீல் தள்ளுபடியாயிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போய், வழக்கு மறுபடியும் சென்னை ஐகோர்ட்டுக்கே திரும்பி வந்து, 1947ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் வழக்கிலும் சிறையிலுமாய்ப் போயிற்று. கிருஷ்ணன் ஒருவாறு எழுந்து நின்று பழையபடி ஜனங்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார். பாகவதரால் எழுந்திருக்க முடியவில்லை. விடுதலைக்குப் பின் வந்த அவருடைய படங்கள் ஓடவில்லை. 1959இல் காலமானார். லட்சுமிகாந்தனை உண்மையில் குத்தினவர் யார் என்பது நிரூபிக்கப்படவே இல்லை.

இதில் லாபம் அடைந்தவர் யார்? பத்திரிகை நடத்தினவர் செத்தார். நடிகர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். பெயர் அடிபட்ட பெண்களுக்கோ கவர்னரிடத்தில் விண்ணப்பம் கொடுக்கும் சக்திகூட இல்லை. அவர்களுக்கு என்னவாயிற்று என்று எந்தப் பத்திரிகையும் பிறகு விசாரித்து எழுதவுமில்லை. கொலைச் சங்கதியையும், கோர்ட்டு சங்கதியையும் வாரா வாரம் அச்சிட்ட மற்றப் பத்திரிகைகளுக்குக் கொஞ்சம் விற்பனை ஆகியிருக்கலாம். காசு கொடுத்து வாங்கினார்களே, அந்த வாசகர்கள்? அவர்கள் மேல் வழக்கு இல்லை. "சினிமா தூதை" வாங்கினவன் பாகவதருடைய பாட்டுக்கும் கைதட்டினான். அவர் வீட்டைப் பற்றிய தூஷணைக்கும் காசு கொடுத்தான். அவர் கைதானபோது கோர்ட்டு வாசலில் கூட்டமாயும் நின்றான். லட்சுமிகாந்தன் ஒருவரை மாத்திரம் வைது விட்டுப் போய்விடுவது நமக்குச் சுலபம். வாங்குகின்றவன் இல்லாமல் விற்கின்றவன் உண்டா?

இது தமிழனுக்கு மாத்திரம் உள்ள வியாதியென்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1835ஆம் வருஷம் "சன்" என்னும் நியூயார்க் பத்திரிகை, ஹெர்ஷல் என்னும் வானசாஸ்திரி பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடி மூலமாய்ச் சந்திரனில் இறக்கை முளைத்த மனிதர்களைக் கண்டாரென்று தொடர்ந்து எழுதிற்று. ஹெர்ஷலோ அப்போது தென் ஆப்பிரிக்காவில் தன் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தார்; அவருக்கு ஒன்றும் தெரியாது. 19,000 பிரதிகளுக்கு மேல் விற்கின்றதென்று பத்திரிகை பெருமையடித்துக் கொண்டது. இதுவாவது யாரையும் கொல்லாத புளுகு. 1898இல் கியூபா துறைமுகத்தில் "மெய்ன்" என்கின்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260 பேருக்கு மேல் மாண்ட போது, ஹெர்ஸ்ட் என்பவருடைய பத்திரிகை, காரணம் இன்னதென்று தெரிவதற்கு முன்னமேயே ஸ்பெயின்காரன்தான் செய்தானென்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 50,000 டாலர் இனாம் என்றும் விளம்பரம் செய்தது. யுத்தம் வந்தது. 1976இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் ஆராய்ந்து எழுதியபோது, கப்பலின் நிலக்கரி அறையில் பிடித்த நெருப்பே காரணமாயிருக்கலாம் என்றார். யுத்தத்துக்குப் பத்திரிகை ஒன்றே காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் எரிகின்ற வீட்டில் எண்ணெய் விற்றவன் அவன். "மஞ்சள் பத்திரிகை" என்கின்ற பெயரே அந்த ஹெர்ஸ்ட்டுக்கும் அவருடைய போட்டிக்காரர் புலிட்சருக்கும் நடந்த விற்பனைச் சண்டையில் உண்டானதுதான். மஞ்சள் சட்டை போட்ட ஒரு சித்திரப் பையனுக்காக இருவரும் அடித்துக் கொண்டார்கள்.

வம்புப் பத்திரிகையால் இன்னொரு தீமையும் உண்டு. அது சர்க்காருக்கு வசதியான சாக்கு. 1960இல் சென்னை ராஜ்யத்தில், ஆபாசமாயும் அவதூறாயும் எழுதுவதையும், பணம் பறிப்பதற்காக எழுதுவதையும் தண்டிப்பதற்கென்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. 1980களின் துவக்கத்தில் அதை இன்னும் கடுமையாக்கி, பத்திரிகைக்காரனை ஜாமீனில்லாமல் பிடித்து வைக்கலாம் என்று செய்ய முற்பட்டபோது, நாடு முழுவதும் பத்திரிகைக்காரர்கள் கிளம்பி எதிர்க்க வேண்டியதாயிற்று. சில வருஷங்களில் அந்தக் கடுமை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வம்புக்காரனுக்கென்று நெய்த வலை யாரைப் பிடிக்கும்? வம்புக்காரன் இன்றைக்கு ஒரு பெயரில் நடத்தி நாளைக்கு வேறு பெயரில் நடத்துவான். மந்திரியின் கணக்கைக் கேட்கின்றவன்தான் ஒரே விலாசத்தில் உட்கார்ந்திருப்பான்; அவன்தான் அகப்படுவான்.

இனி, "குடி அரசு" பத்திரிகையும் வம்புக்குத்தானே எழுதிற்று என்று எதிரிகள் கேட்பதுண்டு. 1933ஆம் வருஷம் அக்டோபர் 29ந் தேதி "இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?" என்று அதில் ஒரு தலையங்கம் வந்தது. அதற்காக ஆசிரியர் பெரியாரும், வெளியிட்டவரான அவர் தங்கை கண்ணம்மாளும் டிசம்பரில் கைது செய்யப்பட்டுச் சிறை சென்றார்கள். பத்திரிகைக்கு ஜாமீன் தொந்தரவு வந்து, "புரட்சி" என்னும் வேறு பெயரில் நடத்த வேண்டியதாயிற்று. சந்தா பெருகும் என்று போட்ட கணக்கா இது? எழுதினால் ஜெயில், எழுதினால் அபராதம், எழுதினால் பத்திரிகையே நிற்கும் என்று தெரிந்தும் எழுதப்பட்டதை, எழுதினால் காசு என்பதற்காக எழுதப்பட்டதோடு ஒரே தராசில் வைக்க முடியுமா? எந்தக் கூச்சலையும் நீங்கள் இப்படித்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். இது விற்காவிட்டாலும் இந்த மனிதர் இதைச் சொல்லுவாரா? விற்பனை குறையும் என்றாலும் சொல்லுவாரா? தாக்கப்பட்டவருடைய மறுப்பை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுவாரா? இம்மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் கிடைத்தால், அவர் எவ்வளவு கடுமையாய் எழுதினாலும் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. நம்மையே எதிர்த்து எழுதினாலும் இல்லை.

சொல்லப் போனால், நம் எதிரிகளில்கூட நாம் மதிக்கின்றவர்கள் உண்டு. பக்கத்திலுள்ள ஸ்ரீரங்கத்தில் வாணி விலாஸ் அச்சுக்கூடத்தார் 1910இல் சங்கராச்சாரியாருடைய நூல்களை 20 புஸ்தகங்களாய் அச்சிட்டார்கள். அந்த மாயாவாதத்தில் நமக்கு ஒரு வரிகூடச் சம்மதமில்லை. ஆனால் தங்கள் கொள்கை இன்னதென்று பிழையில்லாமல் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் அதோடு வாதாடலாம். பக்கத்தைக் காட்டி மறுக்கலாம். வம்போடு எதைக் காட்டி வாதாடுவது?

வாலிபத் தோழர்களின் வாதத்தில் முக்கியமானது, முதலில் கூட்டத்தைச் சேர்த்துவிட்டுப் பிறகு நியாயத்தைச் சொல்லலாம் என்பதாகும். கள்ளுக்கடை வைத்துக் கூட்டம் சேர்த்துவிட்டுப் பிறகு மோர் விற்கலாம் என்பது போன்றது இது. வந்தவன் மோருக்கு வரவில்லையே! முதல் வாரம் ஒருவர் வீட்டு ஜன்னலைத் திறந்து காட்டினால், அடுத்த வாரம் கதவைத் திறக்கச் சொல்லுவான். மூன்றாவது வாரம் திறப்பதற்கு உண்மையில் ஒன்றுமில்லாவிட்டால் நீங்கள் பொய்யாய் ஒரு கதவு செய்ய வேண்டும். நியாயம் எழுதுகின்ற அன்றைக்கு அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். அன்றியும், நியாயத்துக்காக வந்து கொண்டிருந்த பழைய நூறு பேர் அதற்கு முன்னமேயே போயிருப்பார்கள். இக்காலத்தில் அச்சுக்கூடம்கூட வேண்டியதில்லை. கையில் ஒரு போன் இருந்தால் எவனும் லட்சுமிகாந்தன் ஆகலாம். அவ்வளவு மலிவாய்க் கிடைக்கின்ற சரக்கை நாமும் விற்க ஒரு பத்திரிகை எதற்கு?

அப்படியானால் சந்தாவுக்கு வழி என்ன என்பீர்கள். தெரிந்த வழிகள் கஷ்டமானவைதான். ஊர் ஊராய்ப் போக வேண்டும். இம்மாதிரி கூட்டங்கள் போட வேண்டும். புரியும்படி எழுத வேண்டும். கேள்விக்குப் பதில் போட வேண்டும். நமது எழுத்து சப்பென்று இருக்கின்றது என்று தோழர்கள் சொன்னார்களானால் அதை ஒப்புக் கொண்டு உப்புப் போட வேண்டும். அடுத்தவன் வீட்டு உப்பைத் திருடத் தேவையில்லை.

இங்கே இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒரு தோழர், "எதிரிகள் நம்மவர்களைப் பற்றிப் பொய்யான வம்பு எழுதினால் நாமும் அப்படியே எழுதினால் என்ன?" என்று கேட்டிருக்கின்றார். பொய்யென்றால் பொய்யென்று தேதியும் ஆதாரமும் போட்டு மறுத்து எழுதுவோம். அந்த மறுப்பை அச்சிடச் சொல்லி அவர்களுக்கும் அனுப்புவோம். மானநஷ்டத்துக்குக் கோர்ட்டும் இருக்கின்றது. அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி நாம் எழுத மாட்டோம். அந்தப் பெண்கள் நமக்கு எதிரிகளல்ல.

மற்றொரு சீட்டில், "இந்தப் பக்கத்தில் ஒரு பொதுத் தர்மத்தின் கணக்கில் பல வருஷங்களாய்ப் புரட்டு நடக்கின்றது, அதை நடத்துகின்றவருக்கு இரண்டாவது குடும்பமும் இருக்கின்றது, இதை எழுதினால் வம்பா, சர்ச்சையா?" என்று எழுதியிருக்கின்றது. கணக்கை அவசியம் எழுத வேண்டும். எந்த வருஷம், எவ்வளவு ரூபாய் வரவு, எவ்வளவு செலவு, எந்த ரசீது இல்லை என்று வரிவரியாய் எழுதுவோம். எழுதுவதற்கு முன் அவருடைய சமாதானத்தையும் கேட்டு வாங்கிக் கூடவே போடுவோம். அதனால் ஊரில் எவ்வளவு கூச்சல் கிளம்பினாலும் கிளம்பட்டும். தர்மப் பணம் அந்த இரண்டாவது குடும்பத்துக்குப் போயிருந்தால் அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான். போகவில்லையென்றால் அது நமக்குச் சம்மந்தப்பட்டதல்ல. சீட்டு எழுதின தோழரிடம் கணக்கின் நகல் இருக்குமானால், கூட்டம் முடிந்தவுடன் அதை எடுத்துக் கொண்டு வந்து நம்மைப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.